பவர் (வாட்ஸ்) எண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தரம் பிரிக்காதீர்கள்

வாலிபால் பெண் பிள்ளைகளுக்கான ஒரு முகாமின் தேர்வுப் பட்டியல் போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்தது. பெயர், உடல் எடை, கடைசிக் கட்டத்தில் 'பவர்' என்று வாட்ஸில் ஒரு எண். அந்த எண்ணை வைத்து மேலிருந்து கீழே அடுக்கியிருந்தார்கள். எல்லோரும் தூக்கியது ஒரே 40 கிலோ, ஒரே ஸ்குவாட் (எடை மாட்டிய பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது). காலையில் டெஸ்ட் கொடுத்தவர்கள் எல்லோரும் 700க்கு மேல். மதியம் கொடுத்தவர்கள் எல்லோரும் 300ஐ ஒட்டி. மதிய பேட்ச் மொத்தமும் பட்டியலின் அடிவாரத்தில்.

விசாரித்தேன். பார் எழும் வேகத்தை ஒரு கருவி அளக்க, அதன் ஆப் பவரைக் கணக்கிடுகிறது. காலையில் அந்த ஆப்பில் உடல் எடையைப் பதிந்திருக்கிறார்கள். மதியம் ஆள் மாறியதும் அந்தக் கட்டத்தை யாரும் நிரப்பவில்லை.

இதில் என்ன நடந்தது என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன், ஏனென்றால் இது பிள்ளைகளின் வாய்ப்பு சம்பந்தப்பட்ட விஷயம். ஸ்குவாட்டில் பார் கீழே ஒரு நொடி நின்று, மேலே போய், மறுபடி நிற்கிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பி நிற்கும் இடத்தில் முடிகிற எந்த அசைவுக்கும் சராசரி பவர் என்பது எடை, புவியீர்ப்பு, சராசரி வேகம் மூன்றின் பெருக்கல், அவ்வளவுதான். 40 கிலோ பார் நொடிக்கு 0.80 மீட்டர் வேகத்தில் எழுந்தால் 40 × 9.81 × 0.80, அதாவது 314 வாட்ஸ். அதே பிள்ளையின் 55 கிலோ உடம்பையும் சேர்த்தால் 95 × 9.81 × 0.80, அதாவது 746 வாட்ஸ். ஒரே பிள்ளை, ஒரே ரெப் (ஒரு முறை இறங்கி எழுவது), ஒரே வேகம். ஒரு கட்டத்தை நிரப்பினார்களா இல்லையா என்பதில் எண் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

சரி, எதுதான் சரியான கணக்கு? ஸ்குவாட் செய்கிறவர் தன் உடம்பையும் சேர்த்துத்தான் தூக்குகிறார், அதனால் உடல் எடை வரத்தான் வேண்டும். முழங்காலுக்குக் கீழே அவ்வளவாக அசையாது என்பதால் உடல் எடையில் சுமார் 12 சதவீதத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிடுகிறவர்களும் உண்டு. மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் உடம்பு பெஞ்சில் கிடக்கிறது, அங்கே பார் எடை மட்டும் போதும். எந்த வழியில் போனாலும் எல்லோருக்கும் ஒரே வழியாக இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. உடல் எடையைச் சேர்த்தால், வேகம் சமமாக இருக்கும்போது 65 கிலோ பிள்ளை 824 வாட்ஸ் காட்டுவாள், 55 கிலோ பிள்ளை 746. கனமான பிள்ளை தானாக மேலே போய்விடுவாள். வலைக்கு மேல் யார் உயரமாக எழும்புவார்கள் என்பதற்கும் அந்த வரிசைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

கருவி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வேகத்தை அளந்து பயிற்சி கொடுப்பதை முழு மனதோடு நம்புகிறவன் நான். எடை கூடக் கூடத் தசை சுருங்கும் வேகம் குறையும் என்பதை ஏ.வி.ஹில் 1938லேயே தவளைத் தசையில் காட்டிவிட்டார். ஸ்பெயினில் கொன்சாலஸ்-பதீயோவும் சாஞ்செஸ்-மெதினாவும் 2010ல் வெளியிட்ட ஆய்வு அதை ஜிம்முக்குக் கொண்டுவந்தது. பெஞ்ச் பிரஸ்ஸில் ஒருவர் ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையில் பார் நொடிக்கு சுமார் 0.16, 0.17 மீட்டர் வேகத்தில்தான் நகரும். ஸ்குவாட்டில் அது 0.30ஐ ஒட்டி இருக்கும். பாரில் இருக்கும் எடையை உச்ச எடையின் 5 சதவீத அளவுக்குக் கூட்டினால் பெஞ்ச் வேகம் 0.07 முதல் 0.09 வரை குறையும். அதனால், பிள்ளையை உச்ச எடை வரை ஏற்றி ஆபத்தில் தள்ளாமலே இன்று அவள் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று வார்ம்-அப்பிலேயே தெரிந்துவிடும். பரீட்சை நேரத்தில், மாதவிடாய் நாட்களில், தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு இது எவ்வளவு பெரிய உதவி என்பது பெண் பிள்ளைகளுக்குக் கோச்சாக இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஒரு செட்டை, அதாவது தொடர்ந்து செய்யும் ரெப்களை, எங்கே நிறுத்துவது என்பதற்கும் வேகம் போல நல்ல வழிகாட்டி இல்லை. பரேஹா-பிளாங்கோ குழு 2017ல் வெளியிட்ட ஸ்குவாட் ஆய்வில், வேகம் 20 சதவீதம் குறைந்ததும் செட்டை நிறுத்தியவர்கள் 40 சதவீதம் வரை இழுத்தவர்களைவிட மிகக் குறைவான ரெப்கள் செய்தும் பலத்தில் பின்தங்கவில்லை. ஜம்ப்பில் முன்னேற்றம் அவர்களுக்கே அதிகம். தசை பருமன் மட்டும் 40 சதவீதக்காரர்களுக்குக் கூடுதல். முதல் ரெப் 0.70 என்றால் 0.56க்கு இறங்கியதும் "போதும்மா, ரேக்கில் வை" என்று சொல்லிவிடலாம். "உயிரைக் கொடுத்து இன்னொண்ணு" என்று கத்த வேண்டியதில்லை.

இதெல்லாம் அளவு நேர்மையாக இருந்தால்தான் நடக்கும். 5 சதவீத எடை மாற்றமே 0.08 அளவில்தான் தெரிகிறது என்னும்போது, 0.10 பிசகுகிற கருவி எதற்கு உதவும்? தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருப்பது போலத்தான்.

பிசகு எங்கே வருகிறது என்றால், முதலில் கருவியின் வகையில். பாரில் கயிறு மாட்டும் வகை தூரத்தை அளந்து வேகத்தைக் கண்டுபிடிக்கிறது. கையில் கட்டும் அல்லது பாரில் ஒட்டும் சென்சார் முடுக்கத்தை அளந்து, அதைக் கூட்டிக் கூட்டி வேகத்துக்கு வருகிறது. 0.1 என்ற சின்ன முடுக்கப் பிசகு, மூன்று நொடி இழுக்கும் ஒரு கனமான ரெப்பில் 0.3 வேகப் பிசகாக வளர்ந்துவிடும். பாரின் உண்மையான வேகமே அங்கே 0.17தான்! வேகமான, லேசான அசைவுகளுக்கு அந்த வகை ஓரளவு தாங்கும். கனமான எடைக்கு நான் அதை நம்புவதில்லை.

கயிறு வகையிலும் வைக்கும் இடம் முக்கியம். பார் 0.9 மீட்டரிலிருந்து 1.4 மீட்டர் உயரத்துக்கு எழுகிறது, கயிறு வெளியே வரும் பெட்டி பாருக்கு நேர் கீழே இல்லாமல் 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். பார் போனது 50 சென்டிமீட்டர், கயிறு நீண்டது 47தான். வேகம் சுமார் 6 சதவீதம் குறைவாகத் தெரியும். கயிற்றின் கோணத்தையும் அளந்து திருத்திக்கொள்ளும் ஜிம்அவேர் மாதிரியான கருவிகள் உண்டு. அது இல்லாதவர்கள் தரையில் டேப் ஒட்டிப் பெட்டியின் இடத்தைக் குறித்துவிடுங்கள்.

போன் வீடியோவில் அளக்கிறவர்கள் நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில் மட்டும் எடுங்கள். 40 சென்டிமீட்டர் பெஞ்ச் அசைவு அரை நொடியில் முடிகிறது, வேகம் 0.80. சாதாரண 30 பிரேம் வீடியோவில் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு பிரேம் தவறினால் விடை 0.71க்கும் 0.92க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் வரும். 240ல் அதே தவறு 0.79க்கும் 0.81க்கும் நடுவே அடங்கிவிடும்.

உச்ச பவர் என்று சில ஆப்கள் பெரிதாகக் காட்டுகிறதே, அதுதான் இருப்பதிலேயே பலவீனமான எண். தூரத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து முடுக்கம் என்று இரண்டு முறை கழித்து வகுத்து வருவது அது. நொடிக்கு 100 முறை அளக்கும் கருவியில் 1 மில்லிமீட்டர் நடுக்கம் வேகத்தில் 0.1 ஆகும், முடுக்கத்தில் 10 ஆகும். புவியீர்ப்பு அளவுக்கே பிசகு! அதை மென்மையாக்க ஒவ்வொரு கம்பெனியும் தன் மென்பொருளில் ஒரு வடிகட்டியை வைக்கிறது, அது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதனால் ஒரு கருவியின் உச்ச வாட்ஸை இன்னொரு கருவியின் உச்ச வாட்ஸோடு ஒப்பிடவே கூடாது.

தட்டுகளையும் ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள். சர்வதேச பளுதூக்கல் போட்டித் தட்டில் 25 கிலோவுக்கு 25 கிராம் கூடலாம், அவ்வளவுதான் அனுமதி. நம் ஊர் வார்ப்பிரும்புத் தட்டில் 20 என்று பொறித்திருக்கும், தராசில் 19 சொச்சம் நிற்கும்.

எந்தக் கருவியாலும் அளக்க முடியாதது ஒன்று, பிள்ளை முழு வேகத்தில் தள்ளினாளா என்பது. "மெதுவா, பத்திரமா" என்றே பழக்கப்பட்ட பிள்ளை டெஸ்ட் அன்றும் நிதானமாகத்தான் எழுவாள். எண் அவள் பலத்தைச் சொல்லாது, அவள் பழக்கத்தைச் சொல்லும். ஒவ்வொரு ரெப்பிலும் "வெடிச்சு எழு" என்று சொல்லிப் பல நாள் பழக்கிய பிறகே நான் எண்ணைக் குறிக்கிறேன். ஸ்குவாட் ஆழத்தையும் பெட்டி வைத்தோ கயிறு கட்டியோ நிலையாக்குகிறேன், இல்லாவிட்டால் அரைகுறையாக இறங்குகிறவள்தான் அழகான எண் வாங்குவாள்.

முகாம் நடத்துகிற அண்ணன்மார், அக்காமாரிடம் என் கோரிக்கை இதுதான். அந்தப் பட்டியலைத் திரும்ப எடுங்கள். மதிய பேட்ச் பிள்ளைகளின் வேக எண் ஆப்பிலேயே இருக்கும், உடல் எடையைப் பதிந்து மறுபடி கணக்கிட அரை மணி நேரம் ஆகாது. இனி பட்டியலில் வாட்ஸ் போட்டால், எந்தக் கருவி, பார் எடை எவ்வளவு, சராசரியா உச்சமா, உடல் எடை சேர்த்ததா இல்லையா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வாலிபாலுக்கு ஆள் எடுக்கத்தான் இந்த டெஸ்ட் என்றால், விரல் நுனியில் சாக்பீஸ் தடவிச் சுவர் ஓரம் குதிக்கச் சொல்லி, நின்று தொட்ட உயரத்துக்கும் குதித்துத் தொட்ட உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டேப்பால் அளந்து அதையும் சேருங்கள். இந்தப் பதிவை அந்த முகாமின் குரூப்பில் இருக்கிற யாராவது அங்கே பகிருங்கள்.