ஒரு வாரத்து ஆய்வும் ஆயுள்காலத்து வாக்குறுதியும்

மருத மரத்தின் பட்டைக் கஷாயம் குடித்தால் மாரடைப்பே வராது என்ற பதிவின் கீழ் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அதற்குச் சான்று எங்கே?" அதற்குக் கிடைத்த பட்டங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். "மருந்து கம்பெனியின் கைக்கூலி" என்பதுதான் அவற்றில் மென்மையானது. "அறிவியல் நிரூபித்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று எழுதியவர் சான்றாகக் காட்டிய ஆய்வை, அவர் படித்தாரோ இல்லையோ, நான் படித்தேன்.

2002-இல் வெளியான அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 58 பேர், அனைவரும் ஆண்கள். நாள்பட்ட நெஞ்சுவலி உள்ள அவர்களுக்கு மருதம்பட்டைச் சாரம், ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரை, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் கொடுத்தார்கள். பட்டை கொடுத்த வாரத்தில், வெற்று மாத்திரை வாரத்தைவிட வலி குறைவாக வந்தது. டிரெட்மில் சோதனையிலும் முன்னேற்றம் தெரிந்தது. நல்ல செய்திதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வாரம்! மாரடைப்பைத் தடுக்குமா என்பதை ஒரு வாரத்தில் எந்த மருந்தைக் கொண்டும் அறிய முடியாது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட அந்த நைட்ரேட் மாத்திரையே வலியைத் தணிப்பதற்குத்தான்; மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் தனியாகத் தரப்படுகின்றன.

"எனக்குக் குணமானதே" என்பீர்கள். வலி குறைந்ததாலேயே சிகிச்சை வேலை செய்தது என்றாகிவிடாது. நெஞ்சுவலிக்காக மார்புத் தமனியைக் கட்டும் அறுவை சிகிச்சை ஒன்று 1950-களில் புகழ்பெற்றிருந்தது. தமனியைக் கட்டாமல் தோலை மட்டும் கீறித் தைக்கப்பட்ட நோயாளிகளுக்கும் அதே அளவு வலி குறைந்ததை 1959-இல் வெளியான ஆய்வு காட்டிய பிறகு அது கைவிடப்பட்டது. அதுவும் நவீன மருத்துவம்தான். கேள்வி கேட்டதால்தான் ஒழிந்தது.

காப்புரிமை கிடைக்காத மூலிகைக்குப் பெரிய ஆய்வு நடத்தப் பணம் போட ஆளில்லை என்பதில் உண்மை உண்டு. அதற்காக, நடக்காத ஆய்வு வெற்றி பெற்ற ஆய்வாகிவிடாது. "பாரம்பரியத்தை இழிவுபடுத்துகிறாய்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

என் சித்தப்பா பட்டைக் கஷாயம் குடித்தார். வலி குறைந்தது. குறைந்த மகிழ்ச்சியில் ஆஸ்பிரினையும் ஸ்டாட்டினையும் தாமாகவே நிறுத்திவிட்டார். எட்டாம் மாதம் மாரடைப்பு வந்தது. கஷாயத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தியதால்தான் வந்தது என்றும் ஒருவரை வைத்து நிரூபிக்க முடியாது. இன்று நான்கு படி ஏறினால் ஐந்தாவதில் உட்கார்ந்துவிடுகிறார்.

அந்தப் பதிவுக்கு முதலில் விருப்பக்குறி இட்டவர் அவர்தான்.