உளைச்சல் காலுக்கும் மனதுக்கும்

நாட்பட்ட நாரி (கீழ்முதுகு) நோவிலும் கால் நோவிலும் மனதுக்குப் பங்குண்டு என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் அதை 'நோ எல்லாம் மனப்பிரமை' என்று யாரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. எனக்கு அப்படி ஒருவர் சொன்னபோது, நான் நடிக்கிறேன் என்கிறாரா என்று கொதித்துப்போனேன்.

6 வருடமாக நாரியிலிருந்து இடது காலுக்கு இறங்கும் கடுப்பு. எம்.ஆர்.ஐ. படத்தில், முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். அதன்பிறகு அரிசி மூட்டை என்ன, தண்ணி வாளிகூடத் தூக்கவில்லை. அவ்வளவு பயம். நோவே இல்லாதவர்களின் படங்களைப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. 20 வயதினரில் 30 வீதம், 80 வயதினரில் 84 வீதம் பேருக்குப் பிதுங்கல் இருந்ததாம்! பிசியோதெரபி செய்யும் தங்கச்சி இதைச் சொன்ன அன்றுதான் பயம் இறங்கியது. பயம் இறங்க நடை கூடியது. இப்போது காலையில் மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தில் போய் வருகிறேன். முழுசாக மாறவில்லை. டிசம்பரில் கூடும்; மாரி மழையாலா, 2004 சுனாமியின் நினைவாலா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எங்கட அம்மா "கால் உளையுது மனே" என்பா. மனம் சரியில்லை என்றாலும் உளைச்சல் என்றுதான் சொல்லுவா.

கட்டுரையில் விடுபட்ட ஒன்று: சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனால், கவட்டுப் பகுதி மரத்துப்போனால், கால் பலமிழந்தால் மூச்சுப்பயிற்சி செய்துகொண்டு இருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.