வரைபடத்துக்கு வெளியேயும் ஸ்லோவாக்கியர்கள்
மத்திய ஐரோப்பாவின் ஸ்லோவாக்கியர்களைப் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் ஸ்லோவாக்கியர்களின் கதையை 1918இல் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். அதற்கு முன் சுமார் 900 ஆண்டுகள் இன்றைய ஸ்லோவாக்கியாவான அந்த மலைநாடு ஹங்கேரி அரசின் வடபகுதி. ஹங்கேரியர்கள் அதை 'மேல்நாடு' என்ற பொருளில் ஃபெல்விதேக் என்பார்கள். இன்றைய தலைநகர் பிராத்திஸ்லாவா அப்போது போஜோன், ஜெர்மானியர்களுக்கு பிரெஸ்பர்க். 1563 முதல் 1830 வரை ஹங்கேரி மன்னர்கள் முடிசூடியது அங்குள்ள புனித மார்ட்டின் பேராலயத்தில்தான். கோபுர உச்சியைப் பாருங்கள், சிலுவை இருக்க வேண்டிய இடத்தில் தங்க முலாம் பூசிய கிரீடம் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், 1910 கணக்கெடுப்பில் அந்த ஊரில் ஸ்லோவாக்கியர்கள் சிறுபான்மையினர்!

அப்புறம், நீங்கள் தொடாமலே விட்டது அந்த ஹங்கேரி அரசின் தெற்குச் சமவெளி. அங்கே துருக்கியர் (ஒட்டோமான்) ஆட்சி போன பிறகு ஆளின்றிக் கிடந்த நிலங்களுக்கு 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஸ்லோவாக்கிய விவசாயிகள் குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். இன்று ஹங்கேரியில் இருக்கும் பேகேஷ்சாபா, செர்பியாவில் இருக்கும் பாச்கி பெத்ரோவாத்ஸ், கோவாச்சித்சா எல்லாம் அப்படி அவர்கள் குடியேறிய ஊர்கள். கோவாச்சித்சாவில் வயலில் வேலை பார்த்தவர்களே தூரிகை பிடித்து, தங்கள் ஊரையும் கோழி, பூசணிகளையும் பளிச்சென்று வரைந்தார்கள். செர்பியாவின் வோய்வோதினா மாகாணத்தில் ஸ்லோவாக் இன்றும் ஆட்சிமொழிகளில் ஒன்று. அடுத்த பகுதியில் இவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.