கடற்கரை எல்லோருக்கும் பொதுதான். வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு வாருங்கள்

அந்த வீடியோவை நான் மறுபடி பகிரப் போவதில்லை. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சென்னையில் எங்கள் பக்கத்துக் கடற்கரையில் வரிசையாக ஜீப்புகள், ராத்திரி நேரம், ஹெட்லைட் வெளிச்சத்தில் தெறிக்கும் மணல், பின்னணியில் பாட்டு. மாசி மாதம். பங்குனி ஆமைகள் என்கிற கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் மாதம்.

அதைப் பார்த்துவிட்டு நான் எழுதியது இரண்டே வரி. ஆமை முட்டையிடும் காலத்தில் கரையில் வண்டி ஓட்டாதீர்கள் என்று. அதற்கு வந்த பதில்களைப் படித்த பிறகுதான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. "கடற்கரை என்ன உங்க அப்பன் வீட்டு சொத்தா?" என்று ஒருவர். "ஆமைக்கு ஆதார் கார்டு எடுத்துக் கொடுங்க" என்று இன்னொருவர். என்னோடு கல்லூரியில் படித்த ஒருவர் அந்தக் கமெண்டுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார். முகம் தெரியாதவர் திட்டினால் பரவாயில்லை. இது மனதில் தைத்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் யாரையும் கடற்கரைக்கு வராதே என்று சொல்லவில்லை. குடும்பத்தோடு வாருங்கள், நண்பர்களோடு வாருங்கள், விடிய விடிய உட்கார்ந்து பேசுங்கள். வண்டியை மட்டும் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். நான் கேட்டது அவ்வளவுதான்.

"நாங்க போனப்ப ஒரு ஆமைகூட இல்லையே, எது மேல வண்டியை ஏத்தினோம்?" என்று கேட்கிறார்கள். ஆமை இருக்காது. அது ராத்திரியில் வந்து, அலை தொடாத இடமாகப் பார்த்து, பின்துடுப்புகளால் முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல் போட்டு, மணலைத் தள்ளி மூடி, தன் உடம்பாலேயே தட்டி அமுக்கிவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் கடலுக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு ஒன்றரை மாதத்துக்கு மேல் அந்த முட்டைகள் தனியாகத்தான் கிடக்கின்றன. மேலே இருந்து பார்த்தால் வெறும் மணல். உங்கள் ஜீப் ஏறுவது அந்த வெறும் மணலின் மேல்தான்.

முட்டை உடையவில்லை என்றாலும் ஆபத்து போய்விடாது. பொரித்த குஞ்சுகள் உடனே மேலே வந்துவிடுவதில்லை. எல்லாம் சேர்ந்து சில நாள் மணலைக் கொத்திக் கொத்தித்தான் மேலே ஏறுகின்றன. மேல் மணல் சக்கரத்தில் இறுகிப்போனால் அந்த வேலை அவற்றால் ஆகாது. தப்பி வெளியே வந்தாலும் டயர் தடம் இருக்கிறது. நமக்கு அது கணுக்கால் அளவுப் பள்ளம். கட்டை விரல் நீளம் இருக்கிற குஞ்சுக்கு அது வாய்க்கால். உள்ளே விழுந்தால் சுவர் ஏற முடியாமல் பள்ளத்தோடே போய்க்கொண்டிருக்கும், கடலை நோக்கி இல்லை, கடலுக்குப் பக்கவாட்டில். விடிந்தால் காக்கை, நாய். பிழைக்கிற குஞ்சு ஆயிரத்தில் ஒன்று என்று சொல்வார்கள். அந்த ஒன்றுக்கும் நாம் பள்ளம் வெட்டி வைக்கிறோம்.

அந்த வீடியோ எடுத்த மறுநாள் விடியற்காலை நான் கரையில் இருந்தேன். நீலாங்கரைக்குத் தெற்கே, எங்கள் பக்கத்தில் ஆமைத் தடம் பார்த்து நடக்கிற சிலரில் நானும் ஒருத்தி. பெரிய விஞ்ஞானி எல்லாம் இல்லை. தடம் கண்டால் கூட்டைத் தேடி, வனத்துறை அனுமதியோடு வேலை செய்கிறவர்களுக்குத் தகவல் சொல்வோம். அன்றைக்கு அலையில் இருந்து ஒரு தடம் ஏறி வந்தது. இரண்டு பக்கமும் மாறி மாறிக் காற்புள்ளி போட்டது மாதிரி, நடுவே வயிறு இழுபட்ட கோடு. மணலில் படரும் அடம்பங்கொடி ஆரம்பிக்கிற இடம் வரை தெளிவாக வந்து, அங்கே டயர் தடத்துக்கு அடியில் மறைந்துவிட்டது. திரும்பிப் போன தடம் வேறு இடத்தில் தெரிகிறது. நடுவில் முழுக்க வட்டம் வட்டமாக ஜீப் சுற்றிய மணல்.

கூடு தேட ஒரு குச்சி வைத்திருப்போம். மெதுவாக அழுத்திக்கொண்டே போனால், புதிதாகத் தோண்டி மூடிய இடத்தில் குச்சி லேசாக உள்ளே வாங்கும். கையில் தெரியும். அன்றைக்கு எங்கே குத்தினாலும் ஒரே இறுக்கம். எங்களோடு வருகிற குப்பத்து அண்ணன், கடலே வாழ்க்கையாக இருப்பவர், முட்டி போட்டு உட்கார்ந்து கையாலேயே தடவிப் பார்த்தார். வெயில் ஏறும் வரை தேடினோம். கிடைக்கவில்லை. "விடு பாப்பா, இது இனிமே ஆவாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கூடு கிடைத்திருந்தால் முட்டைகளைப் பத்திரமாக வைத்துப் பொரிக்க விடுகிற பொரிப்பகத்துக்கு மாற்றி இருக்கலாம். இப்போது அது எங்கே இருக்கிறது, என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. முட்டை மேல் வண்டி ஏற்றியதாக நிரூபிக்க முடியுமா என்று கேட்கிறீர்களே, நிரூபிக்க முடியாதபடி செய்துவிட்டுத்தானே போயிருக்கிறீர்கள்.

அடுத்த கேள்வி, கடலில் வலையை இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிக்கிற இழுவைப் படகு. "2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேல் ஆமை செத்து ஒதுங்கியது, அதற்கு ஜீப்பா காரணம்?" இல்லை. அவற்றைக் கொன்றது பெரும்பாலும் இழுவை வலை. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், வலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். கரையில் இருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக் கூடாது என்று 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் விதி இருந்தும் வருகிறார்கள். அதைப் பற்றி நான் அப்போதே எழுதினேன், அந்த நாற்றத்துக்கு நடுவே நின்றுகொண்டு எழுதினேன். இன்றைக்கு இழுவைப் படகைப் பற்றிப் பாடம் எடுப்பவர்களில் ஒருவரையும் அன்றைக்கு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கடலில் அவ்வளவு செத்த பிறகு, தப்பிக் கரையேறி வருகிற ஆமையை இன்னும் பத்திரமாகப் பார்க்க வேண்டுமா, அதன் கூட்டின் மேலும் வண்டியை ஏற்ற வேண்டுமா?

"மீனவர்கள் டிராக்டர் ஓட்டுகிறார்களே?" ஓட்டுகிறார்கள், படகை இழுக்க. அது அவர்கள் பிழைப்பு, படகு நிற்கிற இடத்தில்தான் ஓடும். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

ஒருவர் சிரமப்பட்டு என் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறார். தனுஷ்கோடிக்கு மணலில் வேனில் போனது. ஆமாம், போனேன். அப்போது முகுந்தராயர் சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ரோடே கிடையாது. உள்ளூர் ஓட்டுநர்கள், பட்டப்பகலில், தினமும் போகிற அதே தடத்தில் கூட்டிப் போவார்கள். 2017இல் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டது, அந்தப் பக்கத்தையே 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தும் விட்டார்கள். ஊருக்குப் போக வேறு வழி இல்லாமல் மணலில் போவதும், நல்ல ரோடு பக்கத்தில் இருக்கும்போது ரீல்ஸுக்காக மணலில் இறங்குவதும் ஒன்றா?

அமெரிக்காவைக் காட்டினார்கள். கேப் ஹாட்டரஸ் கடற்கரையில் ஜீப் விடுகிறார்கள்தான். 2012இல் இருந்து அதற்குப் பணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், குறித்த பாதையில்தான் போக வேண்டும், கடலாமைகள் முட்டையிடும் மாதங்களில் ராத்திரி 9 மணிக்கு மேல் ஓட்டக் கூடாது. ஒரு சின்னஞ்சிறு உப்புக்கொத்தி இனப் பறவை கூடு வைத்தால் அந்தத் துண்டுக் கரையையே அடைத்துவிடுவார்கள். அதையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள், பேசலாம்.

சட்டமும் சொல்லிவிடுகிறேன், யாரும் பேசாத பகுதி என்பதால். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் என்ன இடமோ அதே இடம். ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும்கூட அந்தச் சட்டப்படி வேட்டைதான். தண்டனை மூன்று ஆண்டில் இருந்து ஏழு ஆண்டு வரை சிறை. அந்தப் பையன்களை உள்ளே தள்ள வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. "சும்மா ஜாலிக்கு" என்று எழுதுகிறார்களே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய வேண்டும்.

என்னை ரொம்ப உறுத்துவது வேறு ஒன்று. எங்கள் குப்பத்துப் பையன்கள் ராத்திரி பத்து மணிக்குக் கரையில் உட்கார்ந்திருந்தால் லத்தியோடு வந்து எழுப்பி விரட்டுகிறார்கள். அவன் பிறந்த கரை, அவன் அப்பா வலை காயப்போடுகிற கரை. அதே கரையில் இருபது லட்ச ரூபாய் வண்டி ஹெட்லைட் போட்டுச் சுற்றினால் யாரும் வருவதில்லை. நாங்கள் போன் செய்தோம். "பார்க்கிறோம்மா" என்றார்கள், யாரும் வரவில்லை. கடற்கரை பொதுச் சொத்து என்று எனக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களே, அந்தப் பையனை விரட்டும்போது இந்த வசனத்தை ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறீர்களா? சுண்டல் விற்கிற அம்மாவைக் கிளப்பும்போது? பொது என்பது வண்டி வைத்திருப்பவனுக்கு மட்டுமா?

1988இல் இருந்து இந்த ஊர் மாணவர்கள் தூக்கத்தை விட்டு, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே ராத்திரி ராத்திரியாக நடந்து இந்த ஆமை முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அதற்கும் முன்னால் சதீஷ் பாஸ்கர் என்ற மனிதர் ஆமைகளுக்காக நம் நாட்டுக் கரையோரத்தை மைல் கணக்கில் நடந்தே அளந்தார். மணலைப் பார்க்க வேண்டும் என்றால் நடக்கத்தான் வேண்டும். ஆஃப்ரோடு (ரோடு இல்லாத இடத்தில் வண்டி ஓட்டுவது) என்றால் இயற்கையை நேசிப்பது என்று விளக்கம் எழுதிய நண்பருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நேசிக்கிறீர்கள் என்றால் இறங்கி நடங்கள்.

சிரிப்புப் பொம்மை போட்ட நண்பா, உன் பெண்ணைப் போன வருடம் ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுகிற அன்றைக்கு நீதான் கூட்டி வந்தாய். உன் தோளில் உட்கார்ந்துகொண்டு கத்திக் கத்திக் கைதட்டினாள். அவளிடம் இந்தக் கமெண்டைப் படித்துக் காட்டுவாயா?

கமெண்டில் யாரும் அந்த ஜீப்காரர்களின் வண்டி நம்பரைப் போடாதீர்கள், அவர்கள் வீட்டாரை இழுக்காதீர்கள், நீக்கிவிடுவேன். அந்த வண்டிகள் இறங்கியது எங்கள் தெருமுனையில் சுவர் இடிந்து கிடக்கிற இடைவெளி வழியாக. அங்கே ஆள் நடக்கலாம், வண்டி நுழைய முடியாது என்கிற மாதிரி நான்கு கல்தூண் நட வேண்டும் என்று போன வருடமே மனு கொடுத்தோம், பதில் இல்லை. திங்கட்கிழமை மறுபடி கொடுக்கப் போகிறோம். இந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் கையெழுத்துப் போட வாருங்கள், காலை பத்து மணிக்கு அந்த இடைவெளியிலேயே நிற்கிறேன்.