பினாயில் வாசனை வந்தால்தான் வீடு சுத்தமா?

வேலூரை ஒட்டிய காட்பாடியில் எங்கள் வீட்டில் பல வருடமாக வெள்ளிக்கிழமை காலை ஒரே காட்சிதான். அம்மா வாளியில் தண்ணீர் பிடித்து, மூடிக் கணக்கெல்லாம் பார்க்காமல் பினாயிலை ஊற்றி, ஹாலிலிருந்து துடைக்க ஆரம்பிப்பார். தம்பி வெளியே போய்விடுவான். செருப்புகூடப் போடாமல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பனியன் கழுத்தை மூக்குவரை இழுத்துப் பிடித்திருப்பான். கத்திரி வெயிலில் சிமெண்டுத் தரை கொதிக்கும், கால் மாற்றி மாற்றி நிற்பானே தவிர உள்ளே வரமாட்டான். "இன்னாத்துக்குடா வெயில்ல நிக்கிற, உள்ள வா" என்று அம்மா கத்துவார். ஆயா இருந்தவரை, "வேலை சொல்லிடுவியோன்னு ஓடறான் பாரு" என்று சொல்லும். அடம், சோம்பேறி, கொழுப்பு என்று நாங்கள் அவனுக்கு வைத்த பெயர்களை இப்போது நினைத்தால் எனக்கு அழுகைதான் வருகிறது.

தம்பிக்கு ஆட்டிசம். வயது 19. பேசுவான், ஆனால் உள்ளே நடப்பதைச் சொல்ல வார்த்தை சட்டென்று வராது. ஒரு வெள்ளிக்கிழமை நானும் போய் அவன் பக்கத்தில் சும்மா நின்றேன், எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவனாகவே சொன்னான்: "அக்கா, வீடு கத்துது."

அன்றிலிருந்துதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு ஒலி, ஒளி, வாசனை, தொடுதல் இதெல்லாம் நம்மைவிடப் பல மடங்கு கூடுதலாகவோ, சிலருக்குக் குறைவாகவோ படும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டிலேயே ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களில் ஒன்றாக இதைச் சேர்த்துவிட்டார்கள். ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் இது உண்டு. ஒற்றைத் தலைவலி வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பக்கத்தில் யாராவது சென்ட் அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் போதும், அன்றைக்கு முழுக்கப் படுக்கைதான். மசக்கையில் இருக்கும் பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நமக்கு ஒரு வாசனை சில நிமிடத்தில் மூக்குக்குப் பழகி மறைந்துவிடுகிறது. என் தம்பிக்கு மறைவதில்லை, காலையில் துடைத்த தரை அவனுக்கு ராத்திரி வரைக்கும் கத்திக்கொண்டே இருக்கிறது.

சரி, பினாயில் வேண்டாம், இயற்கைக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன். இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு, உங்களில் யாரும் அதைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். யூகலிப்டஸ் தைலம், எலுமிச்சைப்புல் எண்ணெய் என்று வாங்கி வந்து, துடைக்கிற தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டேன். எனக்கு அவ்வளவு பிடித்தது, வீடே ஏலகிரி மாதிரி இருந்தது. தம்பி வாந்தி எடுத்தான். கேட்டுக்குப் போகக்கூட நேரமில்லை, வாசற்படியிலேயே.

இயற்கை என்று எழுதியிருந்தால் மூக்குக்கு இதமாக இருக்கும் என்று அர்த்தமில்லை. வாசனை என்பதே காற்றில் ஆவியாகி வந்து மூக்கில் ஏறுகிற ரசாயனம்தான், அது இலையிலிருந்து வந்தால் என்ன, ஆலையிலிருந்து வந்தால் என்ன. வெள்ளை பினாயில்கள் பலவற்றில் சேர்ப்பதே பைன் எண்ணெய்தான், பைனும் மரம்தானே! அதனால் இந்த மாதிரி ஆட்களுக்கு வீடு துடைக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது இயற்கையா செயற்கையா என்பதில்லை, இது மணக்கிறதா இல்லையா என்பதுதான். கற்பூரம் போட்ட தண்ணீர், வேப்பெண்ணெய், சாம்பிராணி, அலமாரியில் போடும் அந்துருண்டை, எல்லாம் இதே கணக்குதான். அந்துருண்டையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் நாப்தலீன் உள்ள வகை, ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுவையே உடைத்துவிடும். வாசனை பிடிக்கிறவர்கள் வீட்டில்கூடக் குழந்தைத் துணியோடு அதைப் போடாதீர்கள்.

அப்புறம் என்னதான் செய்வது? எங்கள் வீட்டில் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

தரைக்கு பெரும்பாலான நாள் வெறும் தண்ணீர்தான். நம்பமாட்டீர்கள், அம்மாவும் நம்பவில்லை. நன்றாகப் பெருக்கிவிட்டு, சுத்தமான துணியால், தண்ணீரை இரண்டு தடவை மாற்றித் துடைத்தால் அழுக்கு போகிறது. பினாயில் ஊற்றிய ஒரே வாளித் தண்ணீரில் ஹால், ரூம், சமையலறை என்று மூன்றையும் துடைத்தபோது நாங்கள் ஹால் அழுக்கைத்தான் சமையலறையில் தடவிக்கொண்டிருந்தோம். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள சமையலறைக்கு மட்டும் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சலவை சோடா. வாசனையே கிடையாது, பிசுக்கை எடுத்துவிடும், ஆனால் கையுறை போடாமல் தொடாதீர்கள், தோல் வறண்டு எரியும்.

பாத்திரத்துக்கும் துணிக்கும் பூந்திக்கொட்டை. லாங் பஜார் பக்கம் போகும்போது நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக்கொள்வேன். பத்துப் பன்னிரண்டு கொட்டையை உடைத்து விதையை எடுத்துவிட்டு, ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் பழுப்பு நிறத்தில் ஒரு தண்ணீர் வரும். கையில் எடுத்துத் தேய்த்தால் மெல்லிய நுரை. நம் ஊர்த் தண்ணீருக்கு இது நன்றாகவே ஒத்துப்போகிறது. பாலாற்றில் தண்ணீர் ஓடிப் பார்ப்பதே அபூர்வமான ஊர், எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு போர்த் தண்ணீர்தான், உப்பு. உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து நுரைக்காமல் வெள்ளைவெள்ளையாகத் திரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும், தம்பி அந்தத் துணியைப் போட்டதும் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருப்பான். பூந்திக்கொட்டைத் தண்ணீர் அப்படித் திரிவதில்லை. ஆனால் மூன்று நாளுக்கு மேல் வைத்தால் புளித்து நாறும், ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒரு வாரம்தான். கண்ணில் பட்டால் எரியும்.

குழாயிலும் பக்கெட்டிலும் படியும் உப்புக்கறைக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட் தூள். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் கரைத்து, பழைய பனியன் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டிவிட்டு அரை மணி கழித்துப் பிரித்தால், கறை நகத்தால் சுரண்டினாலே உதிர்கிறது. வினிகரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அந்த நெடியைத் தம்பி தாங்கமாட்டான். ஒரு விஷயம் மட்டும் கவனம், கடப்பாக்கல் மேடையிலோ மொசைக் தரையிலோ எலுமிச்சை, புளி, வினிகர் எதையும் ஊற வைக்காதீர்கள். கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு பட்டால் அரித்து வெளுத்துவிடும். எங்கள் மேடையில் ஒரு டம்ளர் அளவுக்கு வட்டமாக வெளுத்த தழும்பு இருக்கிறது, நான் வைத்ததுதான்.

ஆப்ப சோடாவையும் வினிகரையும் சேர்த்துப் பொங்கவிடும் வீடியோக்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டும் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். தனித்தனியாகப் போட்டால் இரண்டுக்கும் வேலை இருக்கிறது. அதைவிட முக்கியம், பாத்ரூமில் பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டோ வினிகரோ எலுமிச்சை உப்போ ஊற்றவே ஊற்றாதீர்கள், குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. பழசைப் பாதியும் புதுசைப் பாதியுமாக வைத்துக்கொள்ளும் வீடுகளில்தான் இந்த விபத்து நடக்கும்.

பிளீச்சிங்கே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் சோடாவும் பூந்திக்கொட்டையும் கிருமியைக் கொல்லாது. அப்போது தம்பியை நான் காட்பாடி ஜங்ஷனுக்குக் கூட்டிப்போய்விடுவேன், அவனுக்கு ரயில் உயிர். அம்மா பிளீச்சிங் போட்டுக் கழுவி, ஜன்னல் எல்லாம் திறந்துவைத்து, வாடை போன பிறகு போன் செய்வார். தலையணை, பாய், மெத்தைக்கு மொட்டை மாடி வெயில். வேலூர் வெயிலைத் திட்டாத ஆளில்லை, ஒரு நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிக் காயவைத்த தலையணையில் முகம் வைத்துப் பாருங்கள்.

வாசனை மட்டுமே பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் இல்லை. கம்பி நாரால் எவர்சில்வர் பாத்திரம் தேய்க்கிற சத்தம் வந்தால் தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவான். பீர்க்கங்காய் நாருக்கு மாற்றினோம். முற்றிய பீர்க்கங்காயைக் கொடியிலேயே காயவிட்டுத் தோலை உரித்தால் நார் ரெடி, சத்தமே இல்லை. அடிப்பிடித்த பாத்திரத்தை ராத்திரி சோடா போட்டு ஊறவைத்தால் காலையில் தேய்க்கவே தேவையில்லை. ஈரத் தரையில் கால் பிசுபிசுத்தால் அவனால் நடக்க முடியாது, அதனால் கடைசியில் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, ஃபேனைப் போட்டு ஐந்து நிமிடம்.

புதிதாக எது வாங்கினாலும் முதலில் வராந்தாவில் வைத்து மூடியைத் திறந்து தம்பியைக் கூப்பிடுவோம். தள்ளி நின்று முகர்வான். "ஓகே" என்றால் உள்ளே வரும், "வேணாம்" என்றால் வராது. ஏன் வேணாம் என்று கேட்பதில்லை. என் மூக்கை வைத்து அவனுக்கு முடிவு செய்ததுதானே அத்தனை வருடத் தப்பும்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு இடத்துக்கு இவனைக் கூட்டிப்போனோம். உள்ளே நுழைந்ததுமே ரோஜா ரூம் ஸ்ப்ரே, மூலையில் மின்சாரத்தில் சொருகி வைக்கும் வாசனைப் புட்டி வேறு. இவன் பத்து நிமிடம் தாக்குப்பிடித்துவிட்டுத் தலையைச் சுவரில் இடித்துக்கொண்டான். அங்கே இருந்தவர் குறிப்பேட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினார். 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது, மற்றவர்களுக்குப் பெரிய சுமையாகாத வகையில் தேவையான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்பதும் இருக்கிறது. சாய்தளம் கட்டக் காசு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வாசனைப் புட்டியைப் பிடுங்கி வைக்க என்ன செலவு? பள்ளிக்கூடம், கிளினிக் காத்திருப்பு அறை, கல்யாண மண்டபம் என எங்கே நீங்கள் பொறுப்பில் இருந்தாலும் தயவு செய்து, ஆட்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாடி துடைத்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். பினாயில் வாடை வராவிட்டால் துடைக்கவில்லை என்று யாராவது சொல்வார்கள் என்ற பயம்தான் பாதி இடத்தில் காரணம், எங்கள் அம்மாவுக்கும் அதே பயம்தான் இருந்தது, வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று.

எதிர் வீட்டு அக்காவிடம் போன மாதம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வாரத்துக்கு ஒருநாள் சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் தூவுவார், காற்று எங்கள் பக்கம்தான் அடிக்கும். கோபப்படுவார் என்று நினைத்தேன். "இத்தினி நாளா சொல்லாம இருந்துகினியே" என்றார். இப்போது தூவுவதற்கு முன்னாடி போன் செய்கிறார். நேற்றும் செய்தார். முன்பக்க ஜன்னல் இரண்டையும் சாத்தினேன். அம்மா ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தார், தம்பி நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, காட்பாடிக்கு எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று அவருக்கு வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.