யாருடைய வரிப்பணம், ஐயா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. வந்தவர்கள் பார்த்தீர்கள், வராதவர்கள் என் முந்தைய பதிவைப் படித்துவிட்டு எனக்கே புத்திமதி சொல்லிவிட்டீர்கள். ஆனால் சம்பளத்தில் ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கேட்ட துப்புரவு அம்மாவிடம், "எங்கள் வரிப்பணத்தில் மாதம் ஆயிரம் ஓசியில் வருகிறதே, போதவில்லையா?" என்று சங்க உறுப்பினர் ஒருவர் கேட்டதும், அதற்கு நான்கைந்து பேர் சிரித்ததும் மூன்று நாளாகியும் என்னைவிட்டுப் போகவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுக் கருவூலத்தில் செலவுப் பட்டியல் பார்த்துத் தேய்ந்த கண் என்னுடையது. அரசுப் பணம் எந்தத் தலைப்பில் வருகிறது, எந்தத் தலைப்பில் போகிறது என்பதைத் தவிர வேறு பெரிய ஞானம் எனக்கில்லை. அதை வைத்தே சொல்கிறேன்: மகளிர் உரிமைத் தொகையாக அரசு தரும் அந்த ஆயிரத்தில் அந்த அம்மாவின் வரியும் இருக்கிறது.

அந்த உறுப்பினர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வருமான வரி டெல்லிக்குப் போகிறது. அதன் மேல் விதிக்கப்படும் 4 விழுக்காடு செஸ் என்ற கூடுதல் வரியில் மாநிலங்களுக்குப் பங்கே கிடையாது. மீதியில், மத்திய வரியைப் பங்கிடும் 15ஆவது நிதிக்குழு 2021-26க்குச் சொன்னபடி, எல்லா மாநிலங்களுக்குமாக 41 விழுக்காடு. அந்த 41இல் தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடு. செஸ் நீங்கலாக அவர் நூறு ரூபாய் கட்டினால், இந்தக் கணக்குப்படி கோட்டைக்கு வந்து சேருவது ஒரு ரூபாய் அறுபத்தேழு காசு. அந்த அம்மா செல்பேசிக்கு ரீசார்ஜ் செய்யும்போது கட்டும் 18 விழுக்காடு ஜிஎஸ்டியிலோ சரிபாதி மாநிலத்துக்கு வருகிறது. இப்போது யார் யாருக்குப் படியளக்கிறார்கள்?

டாஸ்மாக் வழியாக 2024-25இல் அரசுக்குக் கிடைத்தது 48,344 கோடி ரூபாய். மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26இல் ஒதுக்கப்பட்டது 13,807 கோடி. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் மாலையில் எந்தக் கடை வாசலில் நிற்பார் என்பது நம் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் கட்டும் வரிக்காக இதுவரை யாரும் அவருக்குச் சால்வை போர்த்தியதில்லை.

"அப்படியென்றால் மாநிலம் கடனில் மூழ்குவது பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய்யில்லை. 2025-26 வரவு செலவுத் திட்டப்படி மாநில அரசின் வருவாய் 3,31,569 கோடி, வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. வருவாய்ப் பற்றாக்குறை என்றால் அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குகிறோம் என்று பொருள். 2013-14 முதல் இப்படித்தான் வண்டி ஓடுகிறது. இது எனக்கும் கவலைதான். ஆனால் உரிமைத் தொகையை நாளையே அடியோடு நிறுத்தினாலும் 27,828 கோடி துண்டு விழும். அதற்கு யாரைத் திட்டுவீர்கள்? மாநில அரசின் 2021 நிதிநிலை வெள்ளை அறிக்கை ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் இருப்பதாகச் சொன்னபோது, அந்த அம்மாவின் குடும்பத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட்டது. கடனில் பங்கு உண்டு, வரியில் பங்கு உண்டு, வாங்கும்போது மட்டும் ஓசியா?

2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கான வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22ஆகக் குறைத்தார்கள்; ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று அரசே சொன்னது. மாநிலங்களின் பங்கும் அதில்தான் போனது. அன்று நம் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் பொம்மைகள் வந்ததாக நினைவு.

இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அந்த அம்மா ஐந்தரை மணிக்கு வாசல் கூட்டுகிறார். சோம்பேறி என்றவர் அதை எழுதியது ஒன்பதரைக்கு.

கருவூலத்தில் நிதியாண்டு முடியும் மார்ச் 31 இரவுகள் நினைவுக்கு வருகின்றன. ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்று பதினொரு மணிக்குமேல் பட்டியல் கட்டுகளோடு ஓடிவருவார்கள். ஒருமுறை நாற்காலி வாங்கிய பட்டியலில் மூன்று கடைகளின் விலைப்புள்ளிகளும் ஒரே கையெழுத்தில் இருந்தன. ஆட்சேபணை எழுதினேன். அரைமணி நேரத்தில் மேலிருந்து தொலைபேசி வந்தது; கையொப்பமிட்டேன். அதே வாரத்தில், பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததற்காக ஒரு மூதாட்டியின் உதவித்தொகையைத் திருப்பி அனுப்பியவனும் நான்தான். அதற்கு எந்தத் தொலைபேசியும் வரவில்லை. அந்த மூதாட்டி மறுபடி வந்தாரா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

இனி, "பென்ஷன் வாங்கிக்கொண்டு நீ பேசலாமா?" என்ற கேள்விக்கு வருகிறேன். வாங்குகிறேன். 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்ததால் பழைய ஓய்வூதியம் வாங்குகிறேன். எங்களுக்காக அரசு செய்யும் செலவு உரிமைத் தொகையைவிடப் பெரியது என்பதும் உண்மை. என்னை ஓசி என்று சொல்லியிருந்தால் புள்ளிவிவரத்தோடு பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அப்படி யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லமாட்டீர்கள், 'சார்' என்பீர்கள். துடைப்பத்தோடு நிற்பவரிடம்தான் உங்களுக்குப் பொருளாதாரம் பேச வருகிறது. இரண்டு ஏசிகள் ஓடும் அந்த உறுப்பினர் வீட்டுக்கும் இரு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் அரசு இலவசமாகத்தான் தருகிறது. அதை வேண்டாமென்று அவர் எழுதிக்கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அவர் அந்த அம்மாவிடம் அதே இடத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. சங்கப் பொருளாளர் என்ற முறையில் பராமரிப்புக் கட்டணத்தை எந்தெந்த வீட்டார் எத்தனை மாதமாகக் கட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலை நான் இங்கே வெளியிடப் போவதில்லை.