வாக்கரையும் சேர்த்துச் சொல்லுங்கள்

பெரிய லீக் பேஸ்பாலில் (அமெரிக்காவின் உச்சநிலைத் தொழில்முறைப் போட்டிகளில்) ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஜாக்கி ராபின்சன் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ராபின்சன் வந்தது 1947இல். அதற்கு 63 ஆண்டுகள் முன்பே, 1884இல், ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ அணிக்கு கேட்சராக (வீசப்படும் பந்தை மட்டையாளருக்குப் பின்னால் நின்று பிடிப்பவராக) ஆடியவர் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர். அந்த அணி ஆடிய அமெரிக்கன் அசோசியேஷனும் அப்போது பெரிய லீக்தான். அந்தப் பருவத்தில் 42 ஆட்டங்கள் ஆடினார்.

அந்தக் காலத்து கேட்சரின் வேலையை நினைத்தாலே கை வலிக்கிறது. இன்றைய தடிமனான கையுறை கிடையாது, முழங்காலுக்குக் கவசம் கிடையாது. இதில் சொந்த அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) டோனி முல்லேன் வேறு, எந்தப் பந்து வீச வேண்டும் என்று வாக்கர் காட்டும் சைகையை மதிக்காமல் இஷ்டத்துக்கு வீசினார். என்ன பந்து வருகிறது என்று தெரியாமலே பிடிக்க வேண்டும்! தன் நிறவெறுப்பே காரணம் என்று பல ஆண்டுகள் கழித்து முல்லேனே ஒப்புக்கொண்டார். தன்னோடு ஆடிய மிகச் சிறந்த கேட்சர் வாக்கர் என்றும் அவரே சொன்னார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

அப்புறம் காயம், அணி விலக்கியது. 1887இல், பெரிய லீக்குக்கு அடுத்த நிலையில் இருந்த இன்டர்நேஷனல் லீக், இனி கறுப்பினத்தவரோடு புது ஒப்பந்தம் இல்லை என்று வாக்கெடுத்து முடிவு செய்தது. வாக்கர் 1889 வரை சிரக்யூஸ் நகர அணியில் ஆடினார், அதோடு சரி. 1924இல் இறந்தார். 1990 வரை அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை.

ராபின்சனின் பெருமை இதனால் குறையாது. தயவுசெய்து அந்த வரியை மட்டும் திருத்துங்கள்.